மதீனா முதலில்

மக்காவுக்குப் போகும் உம்ரா பயண ஏற்பாடு என்றால் விமான டிக்கெட்டும் விசாவும்தான் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டிக்கெட்டை எந்தக் கம்ப்யூட்டரும் போட்டுவிடும். நாற்பத்திரண்டு பேரில் யாரை யாரோடு எந்த அறையில் தங்க வைப்பது என்பதுதான் மண்டையைப் பிளக்கும் வேலை. குறட்டை விடுகிறவர்களை ஒரே அறையில் சேர்த்து அடைக்க வேண்டும். ஏ.சி. இல்லாமல் தூங்காதவரையும் ஏ.சி.யைக் கண்டாலே தும்முகிறவரையும் பிரிக்க வேண்டும். போன வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு சம்பந்திகளை ஒரே மாடியில் போட்டுவிட்டாள். லிஃப்டுக்குள் இருவரும் முட்டிக்கொண்ட அன்று இங்கிருந்தபடியே மூன்று மணி நேரம் போனில் சமாதானம் பேச வேண்டியதாயிற்று. பதினோரு வருடமாக அறைப் பட்டியல் போட்டுப் போட்டு 'லிஸ்ட் அக்கா' என்றே அவளுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. முதலாளி ஹாஜியார் மட்டும் 'ஏம்மா' என்பார். அவருக்கு எல்லாப் பெண்களும் 'ஏம்மா'தான்.

ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத பிறவி அவள். போன் பேசினால் நடந்துகொண்டே பேசுவாள். ஆறிப்போகாத டீயை அவள் குடித்ததை அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அந்த ஜன்மத்துக்கு இந்த வேலை பொருத்தமாகத்தான் இருந்தது.

அவளிடம் இன்னொரு பட்டியலும் இருந்தது. அது கம்ப்யூட்டரில் இல்லை. ஆண்கள் அலுவலகத்துக்கு வருவார்கள், பாஸ்போர்ட்டைக் கொடுப்பார்கள், ஹோட்டலிலிருந்து ஹரம் பள்ளிவாசல் எத்தனை தூரம், காலையில் டீ கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுப் பெண்கள் போன் செய்வார்கள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று பேச்சு ஆரம்பித்தால் அவளுக்குப் புரிந்துவிடும். எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவாள். கஅபாவை ஏழு சுற்று வரும் தவாஃப் இல்லாமல் உம்ரா நிறைவேறாது; மாதவிலக்கு நாட்களில் தவாஃபும் கிடையாது, தொழுகையும் கிடையாது. எந்தத் தேதியில் எந்த ஊரில் இருக்கப்போகிறோம் என்பது ஆண்களுக்கு வெறும் விவரம். பெண்களுக்கு அதுதான் பயணமே.

அந்தத் தேதிகளை ஒரு மெல்லிய நோட்டில் குறித்துக்கொள்வாள். அட்டையில் 'தையல் அளவு' என்று எழுதி வைத்திருந்தாள். அப்படி எழுதினால் எந்த ஆம்பளையும் தொட மாட்டான் என்பது அவள் நம்பிக்கை. பதினோரு வருடத்தில் அது பொய்க்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் உச்சாணிக் கொம்பில் இருந்தாள். இந்தக் குழுவுக்கு மக்காவில் பிடித்திருந்த ஹோட்டல் ஒரு ஏற்றத்தின் மேல் இருந்தது. குழுவில் சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு வரப்போகும் மகள் தினம் ஒரு தடவை போன் செய்து, "அந்த மேட்டுல அத்தாவ வச்சு நான் எப்படித் தள்ளுவேன்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். லிஸ்ட் அக்கா சும்மா விடுகிற ஆளா? இருபது பேரிடம் விசாரித்து, ஹரமின் வாசலிலிருந்து முந்நூறு அடி தூரத்தில், சமதரையில், ஒரு ஹோட்டலைப் பிடித்துவிட்டாள். ஒரே சிக்கல், அங்கே பயணத்தின் முதல் ஆறு இரவுகள்தான் காலி. அதனால் என்ன? முதலில் மதீனாவில் நாலு இரவு, அப்புறம் மக்காவில் ஆறு இரவு என்றிருந்ததைத் தலைகீழாக மாற்றினாள். விமானக் கம்பெனிக்காரனிடம் ஒரு காலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டி, மதீனாவில் இறங்கி மக்காவுக்குப் பக்கத்து ஜித்தாவில் ஏறுவதாக இருந்த டிக்கெட்டை ஜித்தாவில் இறங்கி மதீனாவில் ஏறுவதாக மாற்றிக்கொண்டாள்.

ஹாஜியார் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார். நிமிடத்துக்கொரு 'மாஷா அல்லாஹ்' வந்து விழுந்தது. சக்கர நாற்காலிப் பெரியவரின் மகள் குரல் செய்தி அனுப்பி அழுதாள். இந்தக் குழுவில் அண்ணனோடு போகவிருந்த லிஸ்ட் அக்காவின் மதினியும் அனுப்பியிருந்தாள்: 'ரொம்ப சந்தோஷம். எல்லாருக்கும் லேசாப் போச்சு.'

மறுநாள் காலை, அந்தப் பெருமிதம் இன்னும் முகத்தில் காயாமல் இருந்தபோதுதான், புதுத் தேதிகளோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்துவிடலாம் என்று கீழ் டிராயரைத் திறந்து தையல் அளவை எடுத்தாள்.

இந்தக் குழுவில் நாலு பெண்கள் தேதி சொல்லியிருந்தார்கள். மூன்று பேருக்கு எந்த ஊர் முதலில் வந்தாலும் பிரச்சினை இல்லை. நாலாவது வரியை இரண்டு தடவை படித்தாள். மதினி. புறப்படுவதற்கு முந்தின நாள் ஆரம்பம். ஏழு நாள், ஒரு நாள் முன்னே பின்னே போகாது. விரலை விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மதினி குளித்துச் சுத்தமாகிற அந்தக் காலையில் குழுவின் பஸ் மக்காவை விட்டு மதீனாவுக்குக் கிளம்புகிறது.

பழைய திட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது. மதீனாவில் நாலு நாள், மக்காவில் முதல் இரண்டு நாள் போனாலும், மீதி நாலு நாள் முழுசாகக் கையில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மதினியை இந்தக் குழுவில் சேர்த்ததே. சேர்த்ததும் இதே கைதான், நேற்று எல்லாவற்றையும் பிரட்டிப் போட்டதும் இதே கைதான். முந்நூறு அடி, சமதரை என்று குதித்த குதியில் இந்த நோட்டைத் திறக்கவே தோன்றவில்லை. தன்னையே ஒரு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாத்திரை போட்டுத் தள்ளிப்போடலாம், நிறையப் பெண்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மதினிக்கு அந்த வழியும் அடைத்துவிட்டது. கடைசிப் பிரசவத்தில் காலில் ரத்தம் கட்டி, மருத்துவமனையில் பிழைத்து எழுந்ததே பெரிய விஷயம். இந்த ஜென்மத்துக்கு ஹார்மோன் மாத்திரை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதையும் சொல்லிவிட்டுத்தான் மதினி அன்று போனில், "இதை உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். நீ பாத்து எப்படிப் போட்டாலும் சரி" என்றாள்.

மூன்று தடவை மதினியின் உம்ரா தள்ளிப்போயிருக்கிறது. முதல் தடவை கொழுந்தன் கல்யாணம். மூன்றாவது தடவை மகளுடைய பரீட்சை. நடுவில் ஒன்று இருந்ததே, அதைத்தான் லிஸ்ட் அக்காவால் மறக்க முடியாது. அவளைப் பெற்ற அம்மா படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் கிடந்தபோது, பெற்ற மகள் இங்கே ஊராரை உம்ராவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மதினிதான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். 'நான் போறேன்' என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்தத் தடவை அண்ணனுக்கு லீவு கிடைத்ததே பதினான்கு நாள். அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து ஹாஜியாரின் அறைக்குள் போனாள்.

"ஹாஜியார், பழையபடி மதீனாவையே முதல்ல வச்சுக்கலாமா?"

ஹாஜியார் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "ஏம்மா, நேத்து நீதான குதிச்ச?"

"இல்ல, வயசானவங்க இருக்காங்க. எடுத்த எடுப்புல மக்கா கூட்டத்துல போய் மாட்டிக்கிட்டா... மதீனால கொஞ்சம் ஓய்வெடுத்துட்டுப் போனா நல்லதுன்னு..."

"வயசானவங்களுக்காகத்தான இதைப் பண்ணோம்?"

"வெயிலும் இருக்கு."

"அங்க என்னைக்கும்மா வெயில் இல்லாம இருந்துச்சு?"

பழைய ஹோட்டலையாவது திரும்பக் கேட்டுப் பார்க்கலாமா என்றாள். நேற்றே வேறு குழு எடுத்துக்கொண்டுவிட்டது என்றார். அதைவிட, மறுபடி மேட்டு ஹோட்டலுக்குப் போகலாம் என்று அந்தச் சக்கர நாற்காலிக்காரர் மகளிடம் யார் சொல்வது, நீயா நானா என்று கேட்டார். அவள் செய்தது நாற்பத்தோரு பேருக்கு நல்லது. அதுதான் கொடுமை. தப்பாக இருந்தால் திருத்திவிட்டுப் போகலாம்.

"தலை வலிக்குது ஹாஜியார், அரை நாள் லீவு வேணும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். மதினியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எந்த விதமாகச் சொன்னாலும் 'மறந்துட்டேன்' என்பதில்தான் போய் முடிந்தது.

மதினி கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறைத் தராசின் மேல் பெட்டியை ஏற்றினால் முள் தெரியவில்லை, முள் தெரிகிற மாதிரி வைத்தால் பெட்டி கவிழ்ந்தது. கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே தராசில் ஏறி நின்றிருந்தாள்.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு. என் எடையைக் கழிச்சுக்கோ. யார்கிட்டயும் சொல்லிடாத."

லிஸ்ட் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. எடையைப் பார்த்துச் சொன்னாள். பெட்டியை இறக்க உதவினாள். மதினி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஹோட்டல் அவ்வளவு பக்கமாமே, ஜன்னலைத் திறந்தால் பாங்கு கேட்குமாமே, எப்படித்தான் பிடித்தாயோ, உனக்கு எல்லாரும் துஆ செய்கிறார்கள் என்று ஒரே புகழ்ச்சி. ஒவ்வொரு சொல்லும் முள்ளாகக் குத்தியது.

"மதினி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் ஒருவழியாக. "ஊரை மாத்தும்போது உங்க தேதியப் பாக்கல."

மதினி பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். முகத்தில் எந்த அதிர்ச்சியும் இல்லை. "தெரியும். வாட்ஸ்அப்ல பாத்த உடனே எண்ணிப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல?"

"பண்ணி? எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்படுறாங்க. அந்தப் பொண்ணு அழுதுச்சே, கேட்டியா? நான் ஒருத்தி சொல்லி அதைக் கலைக்கணுமா?" பெட்டியை நகர்த்திச் சுவரோரம் வைத்தாள். "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஏற்பாடு பண்ணியாச்சு."

"என்ன ஏற்பாடு?"

மதினி டீ போடுகிறேன் என்று எழுந்தாள். லிஸ்ட் அக்கா பதினோரு வருடம் பெண்களின் மாடிப்படி ரகசியங்களைக் கேட்டவள். பின்னாலேயே சமையலறைக்குப் போனாள். சீனி டப்பாவுக்குப் பின்னால் மருந்துக்கடை உறை இருந்தது. மதினி கை வைத்து மறைப்பதற்குள் எடுத்துவிட்டாள். பிரிக்காத மாத்திரை அட்டை இரண்டு.

"யார் வாங்கிக் குடுத்தா?"

"உங்க அண்ணன்தான். 'எல்லாரும் போடுறதுதான, பத்து நாளைக்கு என்ன ஆகிடப் போகுது'ன்னாரு. வர்ற ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கணும்."

"டாக்டர் சொன்னது?"

"டாக்டர் என்னைக்கோ சொன்னது." மதினி அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "அப்படியே ஏதாவது ஆனாலும் அங்கதான ஆகும்? அங்க மவுத்தாகுறதுக்கு எத்தனை பேரு ஏங்குறாங்க."

"மதினி! அங்க மவுத்தாகுறது பாக்கியம்தான். மாத்திரை முழுங்கி மவுத்தாகிட்டு அதைப் பாக்கியம்னு சொல்லாதீங்க!"

கத்திவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மதினி திரும்பினாள், கண் நிறைந்திருந்தது. "அப்ப என்ன பண்ணச் சொல்ற? முந்நூறு அடி தூரத்துல, ரூம்ல ஆறு நாள் உக்காந்திருக்கச் சொல்றியா? எல்லாரும் போயிட்டுப் போயிட்டு வருவாங்க. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டு, கஅபாவக் கண்ணால பாக்காமலே பஸ்ல ஏறணுமா? என்னால முடியாதுடி."

அவள் அழுது லிஸ்ட் அக்கா பார்த்ததில்லை. அம்மாவின் ஜனாஸா வீட்டை விட்டுப் போன அன்றுகூட வந்தவர்களுக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தவள். லிஸ்ட் அக்கா மாத்திரை உறையைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "ஞாயித்துக்கிழமைக்கு முன்னால வர்றேன். இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். டீயைக் குடிக்காமலே கிளம்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு காகிதம். குழுவை மாற்ற முடியாது. அப்படியென்றால் இரண்டு பேரை மட்டும் குழுவிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். ஜித்தாவில் எல்லாரோடும் இறங்கட்டும். குழு மக்காவுக்குப் பஸ் ஏறட்டும், இவர்கள் விமான நிலையத்திலேயே ரயில் ஏறி மதீனாவுக்குப் போகட்டும். அங்கே ஆறு இரவு. ஏழாம் நாள் விடிகாலையில் மதினி குளித்துவிட்டு, நபி பள்ளியில் அதிகாலை ஃபஜ்ரும் மதிய லுஹரும் தொழட்டும். அதற்காகவே ரயிலை மதியத்துக்கு மேல் போட வேண்டும். உம்ரா செய்யும் எண்ணத்தை உறுதி செய்கிற இஹ்ராம் நிய்யத்தோடு மாலையில் மக்கா. நாலு இரவு, நாலு பகல். வரும்போது மட்டும் ஜித்தாவிலிருந்து விமானம். குழு மக்காவில் இருக்கும்போது இவர்கள் மதீனாவில், குழு மதீனாவுக்கு வரும்போது இவர்கள் மக்காவில். எழுதி முடித்தபோது அவளுடைய நிறுத்தம் தாண்டிப்போயிருந்தது. இரண்டு தெரு திரும்பி நடந்தாள்.

ஹாஜியாரின் அறையில் ஹஜ்ரத் உட்கார்ந்திருந்தார். குழுக்களை அழைத்துப் போய், இடத்துக்கு இடம் துஆ சொல்லிக் கொடுத்து, தொலைந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருபவர் அவர்தான். லிஸ்ட் அக்கா காகிதத்தை மேசையில் வைத்தாள்.

ஹாஜியார் பாதி படித்ததுமே தலையை ஆட்டினார். "குரூப்ப உடைக்கிற பேச்சே கிடையாது. அன்னைக்கு ஒருத்தர் தனியாப் போறேன்னு போய் மூணு நாள் காணாம நான் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? என் தலையில முடி போனதே அப்பதான்."

"இவங்க தொலைய மாட்டாங்க. ரயில்ல ஏத்துறதுலேருந்து ரூம் சாவி வரைக்கும் நான் பேசி வச்சுடுறேன்."

"காரணம் சொல்லு. காலையில வெயில்ன்ன, வயசானவங்கன்ன. உன் அண்ணனுக்கு என்ன வயசு?"

ஹஜ்ரத் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இந்த அறைக்குள் அந்தப் பேச்சு ஒரு தடவைகூட வந்ததில்லை. மதினி சமையலறையில் திரும்பி நின்ற நிற்பு கண்ணுக்குள் வந்தது. வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது.

"எங்க மதினிக்கு அந்த ஆறு நாளும் மாதவிலக்கு, ஹாஜியார். நாள் முடிஞ்சு குளிக்கிற அன்னைக்குக் காலையில நம்ம பஸ் மதீனாவுக்குக் கிளம்புது. மாத்திரை போட்டா உயிருக்கு ஆபத்து. நான்தான் தேதியப் பாக்காம மாத்தினேன். தப்பு என்னோடது."

ஹாஜியார் மேசையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்து, திறந்து, மூடி, வைத்தார். ஹஜ்ரத்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு பயந்தீங்க? நபியோட மனைவிக்கே, முஃமின்களோட தாய்க்கே, ஹஜ்ஜுப் பயணத்துல இது வந்து அழுதாங்க. ரஸூலுல்லாஹ் கோபப்படவும் இல்ல, முகத்தத் திருப்பிக்கவும் இல்ல. ஆதமுடைய பெண்மக்களுக்கு அல்லாஹ் விதிச்சதுன்னு ஆறுதல்தான் சொன்னாங்க. நாமதான் அதைவிடப் பெரிய ஆளாகிட்டோம்." கொஞ்சம் நிறுத்தினார். "பதினஞ்சு வருஷமா குரூப் கூட்டிட்டுப் போறேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு பேரு வயித்து வலின்னு ரூம்லயே இருப்பாங்க. டாக்டர் வேணுமான்னு கேப்பேன், வேணாம்பாங்க. நானும் அத்தோட விட்டுடுவேன்."

"மக்காவுல ஒரு நாள் கூட இருந்துட்டுப் பிந்தி வந்தா போதாதா?" என்றார் ஹாஜியார். குரலில் பழைய கறார் இல்லை.

"ஓடிப் போய் ஒரு உம்ராவ முடிச்சுட்டு ஓடி வர்றதுக்கா ஹாஜியார் இத்தனை வருஷம் காத்திருந்தாங்க?" என்றாள் லிஸ்ட் அக்கா.

ஹாஜியார் மறுபடி ஸ்டேப்ளரை எடுத்தார். "நாங்க முதல் தடவை போனப்ப என் வீட்டுக்காரிக்கு அங்க அஞ்சு நாள் காய்ச்சல்" என்றார், யாரையும் பார்க்காமல். "தொட்டுப் பாத்தேன், உடம்பு சுடவே இல்ல. சனங்க இங்க வர்றதுக்கு அழுவுறாங்க, நீ வந்து படுத்துத் தூங்குறியேன்னு திட்டுனேன். ஒண்ணும் சொல்லல. போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா." காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். "ரயிலப் போடு. ரூமப் பாரு. ஆனா உங்க அண்ணன் குரூப்ப விட்டுப் போகச் சம்மதம்னு எழுதிக் குடுக்கணும்."

மதீனாவில் அறை பிடிக்க அன்றைக்கும் மறுநாளும் ஆயிற்று. நபி பள்ளியின் பெண்கள் வாசலுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மக்காவில் நாலு இரவுக்குச் சமதரையில் ஒரு சின்ன அறை அகப்பட்டது. ஜன்னல் இல்லை, பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு படிவங்களை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் மோசமானவன் இல்லை. ஆனால் எதையும் இருக்கிற வழியிலேயே முடித்துவிட நினைக்கிறவன்.

"குரூப்ப விட்டுட்டு நாங்க ரெண்டு பேரும் தனியா? பாஷை தெரியாத ஊர்ல? ஹஜ்ரத்தும் இல்லாம? எல்லாரும் மொத நாளே உம்ரா பண்ணுவாங்க, நான் ஆறு நாள் காத்திருக்கணுமா? மாத்திரைதான் வாங்கியாச்சே, அதை எங்க?"

"என் பையில இருக்கு. தர மாட்டேன்."

"நீ ஏன் ஊதிப் பெருசாக்குற? இல்லாட்டி இப்ப விட்டுடலாம். இன்னும் நாலஞ்சு வருஷம் போனா இந்தத் தொந்தரவே இருக்காது, அப்பப் போய்க்கலாம்."

லிஸ்ட் அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன் மதினி பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. மடித்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியை மடித்து முடித்து, கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"கொழுந்தனுக்காக ஒரு தடவை நின்னேன். மாமிக்காக நின்னேன். பிள்ளைக்காக நின்னேன். ஒண்ணுக்கும் நான் வருத்தப்படல. என் உடம்புக்காக ஆறு நாள் நிக்க உங்களுக்கு முடியலன்னா நீங்க குரூப்போட போங்க. தப்பா சொல்லல, மனசாரத்தான் சொல்றேன். நான் மதீனாவுக்கு முதல்ல போறேன். தனியாப் போறேன்."

அண்ணன் மனைவியைப் பார்த்தான். இருபத்து மூன்று வருடத்தில் அவள் வாயிலிருந்து 'நான் போறேன்' என்ற சொல்லை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கையைப் பார்த்தான், ஏதாவது சொல்லேன் என்பதுபோல. லிஸ்ட் அக்கா பேனாவை எடுத்தாள். ரயில் முன்பதிவுப் படிவத்தில் 'பயணி' என்ற கட்டத்தில் மதினியை எழுதினாள். பதினோரு வருடமாகக் கணவனை எழுதிவந்த கட்டம் அது. அடுத்த கட்டத்தைக் காலியாக விட்டுப் படிவத்தை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவன் குனிந்து படித்தான். காலியாக இருந்த கட்டத்தின் மேல் 'உடன் வருபவர்' என்று அச்சிட்டிருந்தது. அதில் வெகுநேரம் விரலை வைத்திருந்தான்.

"இதுல நான் உடன் வர்றவனா?" என்றான்.

"வர்றீங்கதானே?" என்றாள் மதினி.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கினான்.